லென்ஸ் போயிடுச்சா?

சென்ற மாதம் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் வீட்டில் இருக்கிற மிகப் பழைய பொருள் எது? அது இன்னும் வேலை செய்கிறதா?" அரை மணி நேரம் தொலைபேசி ஓயவில்லை. அம்மிக்கல், பாட்டியின் தையல் இயந்திரம், பால்மரம் சீவிய உளி, மண்ணெண்ணெய் விளக்கு என்று பட்டியல் நீண்டது. அதில் மூன்று பேர் சொன்னது மடக்குக் கேமரா. "பட்டனை அமுக்கினா முன்பக்கம் துருத்தி மாதிரி நீண்டு வருமே, அதும்மா!" என்று ஒருவர் விளக்கினார். மூன்று பேருமே முடித்தது ஒரே வாக்கியத்தில்தான்: "ஆனா லென்ஸ் போயிடுச்சு."

இந்த வாரம் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காரணம், எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு கேமரா இருக்கிறது. அதன் லென்ஸும் போய்விட்டது என்றுதான் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தாத்தாவின் பெட்டி

தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1950-களின் நடுவில் ஈப்போவில் ஓர் அக்ஃபா ஐசலெட் 2 வாங்கினார். ஜெர்மனியில் செய்தது. மடக்கினால் சட்டைப்பையில் திணித்துவிடலாம், திறந்தால் சதுரப் படம். 120 என்ற வகை ஃபிலிம் ரோலில் 12 படங்கள் எடுக்கும். அந்த 120 ஃபிலிம் 1901-இல் கோடாக் நிறுவனம் கொண்டுவந்தது. இன்றைக்கும் அதே அளவில் விற்கிறது. கைப்பேசிக்கு இரண்டு வருடத்தில் சார்ஜர் மாறிவிடுகிற காலத்தில், 120 வருடத்துக்கு மேல் மாறாமல் இருக்கிற ஒரு பொருள்!

அந்தக் கேமராவால் தாத்தா எடுத்த படங்களில் எங்கள் குடும்பத்தில் எல்லார் வீட்டிலும் இருப்பது ஒன்றுதான். 1958 தீபாவளி. வீட்டு முன்படியில் ஐந்து பிள்ளைகள். பெரிய அத்தைக்கு 13 வயது. மடியில் கைக்குழந்தையாகச் சித்தப்பா. பக்கத்தில் பெரியப்பா, அப்பா, சின்ன அத்தை. படம் எடுத்தவர் தாத்தா என்பதால் அவர் படத்தில் இல்லை. ஆனால் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று எடுத்திருக்கிறார். அதனால் அவருடைய நிழல், தொப்பியோடு, படியின் அடியில் விழுந்திருக்கிறது.

போன வருடம் அந்த வீட்டுக்கு நாள் குறித்துவிட்டார்கள். தோட்ட நிலம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போகிறது, வருடக் கடைசிக்குள் இடித்துவிடுவார்கள் என்று செய்தி வந்தது. 76 வயது பெரியப்பா என்னை அழைத்தார். "ஏம்மா, நீதானே மீடியா படிச்ச புள்ள. அப்பா கேமராவுல அதே படியில நாங்க அஞ்சு பேரும் ஒரு படம் எடுக்கணும். லென்ஸை மாத்த முடியுமான்னு பாரு."

கல்லூரியில் ஊடகவியல் படித்தபோது ஒரு பருவம் இருட்டறையில் ஃபிலிம் கழுவியிருக்கிறேன். அந்தத் துணிச்சலில் சரி என்று சொல்லிவிட்டேன்.

எது போயிருக்கிறது?

முதலில் ஒரு விஷயம். "லென்ஸ் போயிடுச்சு" என்று நாம் சொல்வது குறைந்தது ஐந்து வேறு வேறு நோய்களுக்கு ஒரே பெயர். எது என்று தெரியாமல் மருந்து தேடினால் நல்ல கண்ணாடியும் கெட்டுப்போகும்.

கண்டுபிடிப்பது சுலபம். கேமராவின் பின்கதவைத் திறங்கள். ஷட்டர் வேகத்தை "பி" என்ற எழுத்தில் வையுங்கள். அந்த நிலையில் விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும். ஒரு சிறிய டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கமிருந்து கண்ணாடிக்குள் பாருங்கள்.

புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தூசி. அதற்காக யாரும் ஒரு நிமிடம்கூடக் கவலைப்பட வேண்டாம். கண்ணாடி முழுக்க மூடுபனி மாதிரி மங்கலாக இருந்தால், பெரும்பாலும் உள்ளே இருக்கிற பழைய கிரீஸும் எண்ணெயும் ஆவியாகிக் கண்ணாடியின் உள்முகத்தில் படிந்ததாக இருக்கும். பார்க்கத்தான் பயங்கரம். பிரித்து ஆல்கஹாலில் துடைத்தால் போய்விடும். பல வீடுகளில் "போன" லென்ஸ் உண்மையில் இப்படி மங்கியதுதான்.

கோடு கோடாகத் தெரிந்தால் கீறல். இங்கே ஒரு வியப்பான உண்மை. முன்கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் படத்தில் கீறல் விழாது. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் லென்ஸின் முழுப் பரப்பிலிருந்தும் வருகிறது. எங்கள் ஐசலெட் லென்ஸின் குவியத் தூரம் 85 மில்லிமீட்டர், முழுதாகத் திறந்தால் எஃப் 4.5. அதாவது வெளிச்சம் நுழையும் வாசல் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் விட்டம். அதில் தலைமயிர் அளவு கீறல் மறைக்கிற வெளிச்சம் ஒன்றுமே இல்லை. கீறலின் தொந்தரவு வேறு: வெயில் நேராக முன்பக்கம் விழும்போது அது வெளிச்சத்தைச் சிதறடித்துப் படத்தை வெளுக்கச் செய்யும். ஆழமான ஒற்றைக் கீறல் என்றால், அந்தப் பள்ளத்தில் மட்டும் மெல்லிய தூரிகையால் கறுப்பு மை நிரப்பிவிடுவது பழைய வழக்கம். சிதறல் நின்றுவிடும். வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, லென்ஸுக்கு ஒரு மறைப்பும் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அப்போதே தீர்ந்தது. ஆனால் பின்கண்ணாடியில் கீறல் என்றால் சற்றுக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஃபிலிமுக்குப் பக்கத்தில் இருப்பதால் அதன் பாதிப்பு அதிகம்.

நான்காவது, ஓரத்திலிருந்து வானவில் நிறத்திலோ வெள்ளைத் திட்டாகவோ உள்ளே பரவும் குறை. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போவதால் வருவது. அந்தக் காலத்தில் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டினார்கள். இது எல்லா லென்ஸுக்கும் வராது. எங்கள் கேமராவில் இருப்பது அபோட்டார் என்ற லென்ஸ். மூன்று தனித்தனிக் கண்ணாடிகள், ஒட்டுவேலையே கிடையாது. 1893-இல் இங்கிலாந்தில் ஹெரால்ட் டென்னிஸ் டெய்லர் கண்டுபிடித்த மூன்று கண்ணாடி அமைப்பின் வழியில் வந்தது. 1902-இல் பால் ரூடால்ஃப் சைஸ் நிறுவனத்துக்காக உருவாக்கிய டெஸ்ஸார் வகை லென்ஸில் பின்னால் இரண்டு கண்ணாடிகள் ஒட்டியிருக்கும். அங்கேதான் இந்த நோய் வரும்.

ஐந்தாவதுதான் நம் ஊரின் சொந்த நோய். சிலந்தி வலை போல, மரத்தின் வேர் போல, மெல்லிய இழைகள் கிளைவிட்டுப் போயிருந்தால் அது பூஞ்சை.

நம் ஊர்க் காற்று

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இரவில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். 70 விழுக்காட்டுக்கு மேல் போனாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, விரல் ரேகை இவைதான் அதன் சாப்பாடு. அது வெளியிடுகிற அமிலம்தான் கெடுதல் செய்வது. முதலில் லென்ஸின் மேல்பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். ஆரம்பத்தில் பிடித்தால் துடைத்துவிடலாம். விட்டுவிட்டால், பூஞ்சையைக் கழுவிய பிறகும் அது நடந்த தடம் கண்ணாடியில் பள்ளமாக நிற்கும்.

நம் வீடுகளில் இதற்கு நாமே வசதி செய்து கொடுத்திருக்கிறோம். கேமராவோடு வந்த தோல் உறை! மரியாதையாக அந்த உறைக்குள்ளேயே போட்டு, அலமாரியின் கடைசித் தட்டில், புடவைகளுக்கு அடியில் வைத்திருப்போம். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. எங்கள் தாத்தாவின் கேமராவும் முப்பது வருடம் அப்படித்தான் தூங்கியது.

"ஜாங்ஙான் கோசோக்"

ஈப்போ பழைய நகரத்தில் ஒரு மாடிக்கடை. படிக்கட்டு ஏறியதும் எண்ணெய் வாசம். கடைக்காரர் எழுபதைத் தாண்டிய சீனர். வருகிறவர்கள் எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேமராவைக் கையில் வாங்கியவர் துருத்தியை நீட்டி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது: "ஜாங்ஙான் கோசோக்." தேய்க்காதே.

ஏனென்றால், அவருக்கு முன்பே யாரோ தேய்த்திருக்கிறார்கள். முன்கண்ணாடியின் நடுவில் வட்ட வட்டமாகத் துணித் தடம். அந்தக் காலத்து மேல்பூச்சு மிக மென்மையானது. கண்ணாடியில் இப்படிப் பூச்சுப் பூசும் முறையை 1935-இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்தார். அது இல்லாவிட்டால் கண்ணாடியின் ஒவ்வொரு முகத்திலும் ஏறக்குறைய 4 விழுக்காடு வெளிச்சம் திரும்பிப் போய்விடும். மூன்று கண்ணாடி என்றால் ஆறு முகம். கணக்குப் போட்டால் மொத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. அப்படித் திரும்பிய வெளிச்சம் சும்மாவும் போகாது. உள்ளேயே எதிரொளித்துப் படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கும்.

"பாலிஷ் போட்டால்?" என்று கேட்டேன். பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களே! அங்கிள் சிரித்தார். அவர் சொன்னதன் சாரம் இது: லென்ஸ் என்பது வெறும் வழவழப்பு அல்ல, அது ஒரு வளைவு. வெளிச்சத்தின் அலைநீளமே ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. கண்ணாடியின் வளைவு அதைவிடத் துல்லியமாக இருக்க வேண்டும். கையால் தேய்த்தால் கீறல் போகும், கூடவே வளைவும் போகும். பளபளவென்று இருக்கும், படம் மட்டும் வராது.

அவர் லென்ஸைப் பிரித்துச் சுத்தம் செய்தார். மூடுபனி போனது. பூஞ்சையும் போனது. ஆனால் முன்கண்ணாடியின் உள்முகத்திலும் நடுக்கண்ணாடியிலும் அது அரித்த தடம் போகவில்லை. "முதலில் ஒரு ரோல் எடுத்துப் பார்" என்று கொடுத்தனுப்பினார். எடுத்தோம். 12 படமும் பால் ஊற்றியது போல் இருந்தன. ஆள் தெரிகிறது, முகம் தெரியவில்லை. அப்போதுதான் லென்ஸ் உண்மையிலேயே போய்விட்டது என்று உறுதியானது.

அத்தை சொன்ன தீர்ப்பு

இனி மாற்றுவதுதான் வழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டில் எல்லாரும் கூடியபோது விஷயத்தைச் சொன்னேன். நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. சித்தப்பா.

"வேற லென்ஸ் போட்டா அது எப்படி அப்பா கேமரா? அப்பா அம்மாவைப் பார்த்தது அந்தக் கண்ணாடி வழியாத்தான். நம்மளைப் பார்த்ததும் அதுலதான். அதைக் கழற்றிட்டு எவனோ ஒருத்தனோட கண்ணாடியை மாட்டி படம் எடுக்கிறதுக்குக் கைப்பேசியிலேயே எடுத்துக்கலாம்."

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தாத்தா இறந்தபோது சித்தப்பாவுக்கு 14 வயதுதான். மற்ற நால்வருக்கும் அப்பாவைப் பற்றிச் சொல்ல நிறையக் கதைகள் உண்டு. அவருக்கு அந்தக் கேமராதான் அதிகம். பெரியப்பாவோ விட்டுக்கொடுப்பதாக இல்லை. "படம் எடுக்காத கேமராவை வச்சு என்னடா செய்யிறது? கொலு வைக்கிறதா?" குரல்கள் உயர்ந்தன. அப்பா வழக்கம்போல் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய அத்தைதான் முடித்து வைத்தார். அத்தைக்கு வயது 79. போன வருடம்தான் இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை முடிந்தது. சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கேட்டார்:

"ஏன்டா, என் ரெண்டு கண்ணுலயும் பழைய லென்ஸை எடுத்துட்டு பிளாஸ்டிக் லென்ஸ் வச்சிருக்கான் டாக்டர். அதுக்காக உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா நான் இல்லைன்னு ஆயிடுமா?"

வீடே சிரித்துவிட்டது. சித்தப்பாவும்தான். ஆனால் அத்தை சிரிக்கவில்லை. "புரை விழுந்து ரெண்டு வருஷம் அந்த 1958 படத்தையே என்னால பார்க்க முடியல. அப்பா நிழல் எங்க இருக்குன்னு கையால தடவித்தான் காட்டுவேன். இப்ப தெரியுது. பழைய கண்ணுதான் வேணும்னு இருந்திருந்தா இதுவும் தெரிஞ்சிருக்காது" என்றார்.

கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைக்கும் முறையை 1949-இல் லண்டனில் தொடங்கி வைத்தவர் ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர். போரில் விமானத்தின் பிளாஸ்டிக் கூரை உடைந்து விமானிகளின் கண்ணில் துகள்கள் தங்கியபோதும், கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். அந்தக் கவனிப்பிலிருந்து வந்ததுதான் இன்றைக்கு நம் அத்தைகளும் மாமாக்களும் வைத்துக்கொள்கிற லென்ஸ். தாத்தா கேமரா வாங்குவதற்குச் சில வருடங்கள் முன்புதான் அது நடந்திருக்கிறது!

சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பழைய லென்ஸைத் தூக்கிப் போடக் கூடாது." சரி என்றோம்.

எப்படி மாற்றுவது?

இதே முடிவுக்கு வருகிறவர்களுக்காக, அங்கிளிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

புது லென்ஸ் கடையில் கிடைக்காது. இன்னொரு பழைய கேமராவிலிருந்துதான் எடுக்க வேண்டும். இதில் நமக்குச் சாதகமான ஒன்று உண்டு. இந்த வயதுக் கேமராக்கள் பலவற்றில் லென்ஸ் நன்றாக இருக்கும், துருத்தி மூலைகளில் ஓட்டை விழுந்திருக்கும். அப்படிப்பட்டதை யாரும் விரும்பி வாங்குவதில்லை, அதனால் விலை குறைவு. நமக்கு வேண்டியது அதன் கண்ணாடி மட்டும்தானே! எங்களுக்கு அங்கிளே ஒன்றைத் தேடிப் பிடித்துத் தந்தார்.

வாங்கும்போது பெயரும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அபோட்டார் என்றால் அபோட்டார், 85 மில்லிமீட்டர் என்றால் 85. அதே ஐசலெட் வரிசையிலேயே 75 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்டவையும் உண்டு. அதைக் கொண்டுவந்து இதில் மாட்டினால், துருத்தி நிற்கும் தூரமே வேறு என்பதால் எதுவும் தெளிவாக விழாது.

கெட்டுப்போனது முன்கண்ணாடி மட்டும்தான் என்றாலும் அதை மட்டும் மாற்றுவது நல்லதல்ல. மூன்று கண்ணாடிகளும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு வேலை செய்கிறவை. இடைவெளியில் சிறு வித்தியாசம் வந்தாலும் படத்தின் ஓரங்கள் குழையும். மூன்றையும் ஒரே கேமராவிலிருந்து ஒரு செட்டாக எடுப்பது பாதுகாப்பு. லென்ஸையும் ஷட்டரையும் சேர்த்து ஒரே துண்டாகவும் கழற்றலாம். பின்பக்கம், துருத்திக்குள் இருக்கும் ஒரு வளையம்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் கேமராவில் ஷட்டர் நன்றாக இருந்தது. அதனால் தாத்தா விரல் வைத்த ஷட்டர் அப்படியே இருக்க, கண்ணாடிகள் மட்டும் மாறின.

அடுத்தது முக்கியம். இந்த வகைக் கேமராவில் ஃபோக்கஸ் செய்ய முழு லென்ஸும் நகராது. முன்கண்ணாடி மட்டும் மரையில் சுற்றி முன்னும் பின்னும் போகும். 85 மில்லிமீட்டர் லென்ஸை முழுதாக நகர்த்தி ஒரு மீட்டர் தூரத்துக்கு ஃபோக்கஸ் செய்ய ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தள்ள வேண்டும். முன்கண்ணாடி மட்டும் என்றால் அதைவிட மிகக் குறைவான அசைவே போதும். அதாவது, மாட்டும்போது மரையில் ஒரு சுற்றுத் தவறினாலும் மொத்தப் படமும் மங்கல்தான். பழைய கிரீஸ் பசையாக இறுகியிருந்தால் இன்னொரு ஆபத்து. முன்வளையத்தைப் பலமாகத் திருகினால் முன்கண்ணாடியோடு சேர்ந்து நடுக்கண்ணாடியும் கழன்று சுற்றும். வெளியே பார்த்தால் ஃபோக்கஸ் நகர்வது போலவே இருக்கும். அதனால் திருப்ப வராத வளையத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஹேர் டிரையர் சூடும் லைட்டர் திரவமும் செய்கிற வேலையைக் கைப்பலம் செய்யாது.

புதுக் கண்ணாடிகளை மாட்டிய பிறகு, "முடிவிலி" என்கிற தொலைதூரப் புள்ளியை மீண்டும் அமைக்க வேண்டும். அங்கிள் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் உட்காரும் இடத்தில் மங்கலான செலோடேப்பை இறுக்கமாக ஒட்டினார். ஷட்டரைத் திறந்து நிறுத்தி, துவாரத்தை முழுதாகத் திறந்து, சன்னலுக்கு வெளியே நீட்டினார். அந்த ஒட்டுத்தாளில் ஈப்போவின் சுண்ணாம்புக் குன்று தலைகீழாக விழுந்தது! பூதக்கண்ணாடியால் பார்த்தபடி முன்கண்ணாடியை மயிரிழை மயிரிழையாகச் சுற்றினார். குன்றின் உச்சியில் ஒற்றை மரத்தின் கிளை தெரிந்ததும் நிறுத்தினார். தூர எண்கள் எழுதிய வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்து, அதன் மூன்று சின்னத் திருகுகளை முடுக்கினார். மாற்று வேலை அவ்வளவுதான். கண்ணாடியை மாற்ற ஆன நேரத்தைவிட அந்தக் குன்றைப் பார்க்க ஆன நேரம்தான் அதிகம்.

கடைசியாக, இருட்டான அறையில் துருத்திக்குள் டார்ச் வைத்துப் பாருங்கள். மூலைகளில் நட்சத்திரம் போல் வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை. லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஃபிலிம் கெடும். எங்கள் துருத்தியில் இரண்டு ஓட்டைகள்; கறுப்பு ரப்பர்ப் பூச்சால் அடைத்தார்.

அந்தப் படி

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. வீட்டின் கூரைத் தகரம் ஏற்கெனவே பாதி கழன்றிருந்தது. ஐந்து பேரும் அதே படியில், அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். மடியில் உட்கார முடியாத 67 வயதுச் சித்தப்பா அத்தையின் காலடியில் உட்கார்ந்தார். சின்ன அத்தை ஜோகூர் பாருவிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்திருந்தார். ஃபிலிம் வேகம் 100, லேசான மேகம். எஃப் 11, நூறில் ஒரு விநாடி. தூரத்தைக் காலடியால் அளந்தேன்.

கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனபோது சித்தப்பா கைகாட்டி நிறுத்தினார். "கொஞ்சம் இடது பக்கம் வா. இன்னும்... இன்னும் கொஞ்சம். ஆங், அங்கதான்." எதற்கு என்று குனிந்து பார்த்தேன். என் நிழல் படியின் அடியில் விழுந்திருந்தது.

12 படங்களில் ஒன்பது தெளிவாக வந்தன. அத்தையின் கண்ணாடிக் காதணி, பெரியப்பாவின் வெள்ளை மீசையில் தனித்தனி மயிர், படியில் விரிசல், எல்லாம் இருக்கிறது. அந்த வீடு இப்போது இல்லை.

உங்கள் வீட்டுக் கேமராவுக்கு

அதைத் தோல் உறையிலிருந்து இன்றைக்கே வெளியே எடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். சிலிகா ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். கேமரா அதிகம் வைத்திருப்பவர்கள் டிரை கேபினெட் வாங்கி ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை திறந்து ஷட்டரை நாலு தடவை இயக்குங்கள். துணியால் தேய்க்க வேண்டாம். தூசியை ஊதுகுமிழால் ஊதினால் போதும்.

பழுது பார்க்கிறவரிடம் போவதற்கு முன் டார்ச் அடித்துப் பார்த்து, ஐந்தில் எது என்று தெரிந்துகொண்டு போங்கள். மங்கல் என்றால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஒற்றைக் கீறல் என்றால் அப்படியே ஒரு ரோல் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி அரித்துப்போயிருந்தால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். மாற்றினால், கழற்றிய பழைய கண்ணாடிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு, எந்த வருடம் எதற்காகக் கழற்றினோம் என்று ஒரு தாளில் எழுதிக் கேமராவோடு சேர்த்து வையுங்கள். எங்கள் வீட்டு டப்பா சித்தப்பாவிடம் இருக்கிறது. யார் கேட்டாலும் தருவதில்லை.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அதற்குப் பழுது பார்க்கிறவர் வேண்டாம். அந்தக் கேமரா எடுத்த பழைய படங்களைத் தேடி எடுத்து, அதில் இருப்பவர்களின் பெயரைப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். லென்ஸை இன்னொரு கேமராவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர் இப்போது வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.